ஆறு மாதம் தாண்டிவிட்டது, டிசேபிளிட்டி பென்ஷனுக்கு இனி அப்பீல் போக முடியுமா?

மார்ச் 12, 2025 – ஒரு வாசகரின் கேள்வி

என் அண்ணன் 1996-இல் ராணுவத்தில் சேர்ந்து 24 வருடம் முடித்து 2020-இல் ஹவில்தாராக வந்தார். ஓய்வுக்கு முன் ராணுவ டாக்டர்கள் குழு பார்க்கும் கடைசி மெடிக்கல் போர்டில் பி.பி. (ரத்த அழுத்தம்) என்று 30 சதவீத இயலாமை போட்டார்கள், ஆனால் சர்வீஸால் வந்ததல்ல என்று எழுதிவிட்டார்கள். அதனால் டிசேபிளிட்டி பென்ஷன், அதாவது இயலாமைக்கான பென்ஷன், ரிஜெக்ட். ஆறு மாதத்துக்குள் அப்பீல் போட வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. அண்ணன் கடிதத்தை மடித்து வைத்ததோடு சரி. நான்கு வருடம் ஓடிவிட்டது. ஊரில் எல்லோரும் கதை முடிந்தது என்கிறார்கள். உண்மையா?

மார்ச் 12, 2025 – இரவு, என் பதில்

கதை முடிந்துவிடவில்லை தம்பி. பென்ஷன் மாதாமாதம் வர வேண்டிய பணம். அது வராத ஒவ்வொரு மாதமும் புதிதாக ஒரு தவறு நடக்கிறது என்றுதான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. உரிமை போகாது, ஆனால் பழைய பாக்கி, அதாவது அரியர்ஸ், மனு போட்ட தேதிக்கு முன் மூன்று வருடத்துக்கு மட்டும்தான் என்று பெரும்பாலும் கட்டுப்படுத்திவிடுவார்கள். அப்படியென்றால் உங்கள் அண்ணனுக்கு 2020, 2021 பணம் ஏற்கனவே கையை விட்டுப் போயிருக்கலாம். இனி தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம்.

அந்த ஆறு மாதம் என்பது துறைக்குள் போடும் முதல் அப்பீலுக்கு. தாமதத்துக்குக் காரணம் எழுதி, மன்னித்து ஏற்கும்படி கேட்டு இப்போதும் போடலாம். அது நிராகரிக்கப்பட்டாலோ, ஆறு மாதம் பதிலே வராவிட்டாலோ, ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளைக்குப் போகலாம்.

மார்ச் 14, 2025

நேற்று எழுதலாம் என்று இருந்தேன், முடியவில்லை. அப்பீலை உடனே எழுதி அனுப்பிவிடாதீர்கள். முதலில் பேப்பர். நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் ரிஜெக்ட் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். அந்தக் கடிதத்தில் இரண்டு வரிதான் இருக்கும், அதில் பிடிக்க ஒன்றும் இருக்காது. பிடிக்க வேண்டிய இடம் மெடிக்கல் போர்டு எழுதிய ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 என்ற படிவம்.

அண்ணன் பெயரிலேயே அவருடைய ரெக்கார்டு ஆபிஸுக்கு ஒரு தகவல் உரிமை மனு, பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர். கேட்க வேண்டியவை: சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனைத் தாள், கடைசி மெடிக்கல் போர்டின் முழு நகல், நடுவில் கேட்டகரி (மருத்துவத் தகுதி நிலை) குறைத்த ஒவ்வொரு போர்டின் நகல், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எங்கே போஸ்டிங் என்ற விவரம். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

மார்ச் 14, 2025 – மறுபடியும்

இந்த இழையில் ஒருவர், 30 சதவீதத்துக்கு என்ன பெரிய தொகை வந்துவிடும், வக்கீல் செலவுக்கே சரியாகிவிடும் என்று எழுதியிருக்கிறார். கணக்கைப் பார்த்துவிடுவோம்.

நூறு சதவீத இயலாமைக்குக் கடைசி சம்பளத்தில் 30 சதவீதம். சம்பளம் என்றால் அடிப்படைச் சம்பளமும் எம்.எஸ்.பி. என்ற ராணுவப் பணி ஊதியமும் சேர்த்து. அது 50,000 என்று வைத்துக்கொண்டால் நூறுக்கு 15,000, முப்பதுக்கு 4,500. ஆனால் 30 அப்படியே நிற்பதில்லை. 2001 ஜனவரி 31 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சகக் கடிதப்படி, 50-க்குக் கீழே இருப்பது 50 ஆகும், 50 முதல் 75 வரை 75 ஆகும், அதற்கு மேல் 100. ஆக, உங்கள் அண்ணனுக்கு 7,500. அதன் மேல் அகவிலைப்படி; 2025 மார்ச்சில் இருந்த 53 சதவீதத்தில் மாதம் 11,475. உயிரோடு இருக்கும்வரை, வழக்கமான பென்ஷனுக்கு மேலே. இது சின்னத் தொகையா? ஒரு பிள்ளையின் கல்லூரிப் படிப்பு ஐயா இது.

சதவீதத்தை இப்படி உயர்த்தி எடுக்கும் ரவுண்ட் ஆஃப், மெடிக்கல் காரணத்தால் பாதியில் வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று அரசு ரொம்ப நாள் வாதாடியது. 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. முழு சர்வீஸ் முடித்து வந்தவருக்கும் உண்டு.

மார்ச் 16, 2025

ரவுண்ட் ஆஃப் பற்றி எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். இல்லாவிட்டால் 10 சதவீதம், 15 சதவீதம் வைத்திருப்பவர்களும் நம்பிக்கையோடு கிளம்பிவிடுவார்கள். சர்வீஸ் முடித்து ஓய்வு பெற்றவருக்கு 20-க்குக் கீழே என்றால் டிசேபிளிட்டி பகுதியே கிடையாது, கிடையாததை ரவுண்ட் ஆஃப் செய்யவும் முடியாது. 2019 டிசம்பரில் விங் கமாண்டர் ரத்தோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் முடித்தது. பாதியில் மெடிக்கல் காரணம் சொல்லி அனுப்பப்பட்டவர் கதை வேறு. ஒருவரை வேலைக்கே லாயக்கில்லை என்று வெளியேற்றிவிட்டு, அவர் இயலாமை 20-க்கும் குறைவு என்பது எப்படிப் பொருந்தும்? 2014 சுக்விந்தர் சிங் தீர்ப்பு கேட்டது இதைத்தான்.

மார்ச் 23, 2025

என் கதையை எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன், பயன்படலாம்.

நான் யூனிட்டில் கிளார்க். காலை பி.டி.யில் தடை தாண்டும் ஓட்டத்தில் வலது முழங்கால் திரும்பி, லிகமென்ட் கிழிந்தது. ஆபரேஷன் நடந்தது, கேட்டகரி குறைந்தது, ஆனாலும் சர்வீஸை முடித்துத்தான் வந்தேன். இன்றும் இந்தியன் டாய்லெட்டில் உட்கார முடியாது, மாடிப்படி இறங்கும்போது பக்கவாட்டாகத்தான் இறங்குவேன். கடைசி போர்டில் 20 சதவீதம், "சர்வீஸோடு தொடர்பில்லை". காரணம் என்று எழுதியிருந்தது: காய அறிக்கை கிடைக்கவில்லை.

பி.டி. டூட்டிதான், யூனிட் நடத்தும் விளையாட்டும் டூட்டிதான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் பி.டி.யில்தான் அடிபட்டது என்பதற்கு ஐ.ஏ.எஃப்.ஒய்-2006 என்ற காய அறிக்கை வேண்டும். என் ஃபைலில் அது இல்லை. யூனிட் அதற்குள் இரண்டு இடம் மாறிவிட்டது. கடைசியில் எனக்குப் பின்னால் கிளார்க்காக வந்த மலையாளி நண்பர்தான் பழைய ட்ரங்குப் பெட்டியிலிருந்து தேடி எடுத்து அனுப்பினார். கார்பன் நகல், மூன்றாவது பிரதியாக இருக்க வேண்டும், எழுத்து ஊதா நிறத்தில் மங்கிப் போயிருந்தது. கீழே கமாண்டிங் ஆபிஸரின் கையெழுத்து. "டூட்டியில் இருந்தாரா" என்ற கட்டத்தில் மட்டும் பேனாவால் மேலே ஒருமுறை அழுத்திக் கோடு போட்டிருந்தார்கள். அந்த ஒரு தாளால் என் முதல் அப்பீலிலேயே வேலை முடிந்தது, தீர்ப்பாயம் வரை போகவில்லை.

இன்னும் சர்வீஸில் இருக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால்: அடிபட்ட அன்றே காய அறிக்கை போடச் சொல்லுங்கள். சின்ன அடிதானே என்று விடாதீர்கள். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாளை ஒரு நகல் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். யூனிட்டின் பெட்டி யூனிட்டோடு போய்விடும்.

ஏப்ரல் 2, 2025

லீவில் வந்தபோது பைக் விபத்து, கால் போய்விட்டது, கிடைக்குமா என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார், கணவருக்காக. படிக்கவே மனசு கனத்தது. ஆனாலும் உள்ளதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எந்தப் பயணம் என்பதுதான் கேள்வி. 1999-இல் மதன் சிங் ஷேகாவத் வழக்கில், லீவில் வீட்டுக்குப் போகும் வழியில் ரயிலிலிருந்து இறங்கும்போது நேர்ந்த விபத்து. உச்ச நீதிமன்றம் கொடுத்தது. யூனிட்டிலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து யூனிட்டுக்கும் போகும் பயணம் டூட்டியோடு சேர்த்தி. 2011-இல் ஜுஜார் சிங் வழக்கில், ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு ஸ்கூட்டரில் போகும்போது விபத்து. கொடுக்கவில்லை. லீவில் இருந்தாலும் ராணுவத்தில்தானே இருந்தார் என்ற வாதத்தை ஏற்கவில்லை; விபத்துக்கும் ராணுவப் பணிக்கும் ஏதாவது ஒரு தொடர்பு வேண்டும் என்றார்கள்.

உங்கள் கணவர் திரும்பிப் போகக் கிளம்பிய நாளா, டிக்கெட் இருக்கிறதா, எஃப்.ஐ.ஆரில் எந்த இடம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எதுவானாலும் பாதியில் வெளியே அனுப்பினார்கள் என்றால் உடல் தகுதி இல்லை என்று வெளியேற்றப்பட்டவர்களுக்கான இன்வேலிட் பென்ஷன் வந்ததா என்று தனியாகக் கேளுங்கள். அது வேறு கணக்கு. உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுதக் கேட்டுப் பாருங்கள்.

ஏப்ரல் 5, 2025

இந்த இழையில் சில பேர், கோர்ட்டுக்குப் போனாலே ஜெயம்தான் என்ற தொனியில் எழுதுகிறார்கள். தரம்வீர் சிங் தீர்ப்பின் நகலை இணைத்தால் போதும் என்கிறார்கள். அந்தத் தீர்ப்பு பெரிய தீர்ப்புதான். 2013 ஜூலை. ராணுவத்தின் சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு) பிரிவில் 1985-இல் சேர்ந்தவர், வலிப்பு நோயால் வெளியே அனுப்பப்பட்டவர். சேரும்போது குறிப்பிடப்படாத நோய் பின்னால் வந்தால் அது சர்வீஸில் வந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், நிரூபிக்கும் பாரம் சிப்பாய் மேல் இல்லை, சந்தேகம் வந்தால் அதன் பலன் அவருக்கே என்று இந்தப் பென்ஷனுக்கான 1982 விதிகளை விளக்கியது. 2015 பிப்ரவரியில் ராஜ்பீர் சிங் வழக்கில் அதையே உறுதி செய்தார்கள்.

ஆனால் 2019 அக்டோபரில் நர்சிங் யாதவ் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் மனநோய்க்குக் கொடுக்கவில்லை. போர்டின் கருத்தை எடுத்த எடுப்பில் ஒதுக்க முடியாது, சில நோய்கள் சேரும்போது கண்டுபிடிக்க முடியாதவை என்றது. அப்புறம், தரம்வீர் சிங் 1982 விதிகளின் கீழ் வந்தவர். உங்கள் அண்ணன் 2020-இல் ஓய்வு, அவருக்கு 2008 விதிகள். அதில் சேரும்போது நடக்கும் பரிசோதனை முழுமையானதல்ல என்று எழுதிவைத்து, பழைய அனுமானத்தின் பலத்தைக் குறைத்துவிட்டார்கள். நிரூபிக்கும் பாரம் சாதாரணமாக உங்கள் மேல் இல்லை என்பது அதிலும் இருக்கிறது. ஆனால் ஓய்வு பெற்று 15 வருடத்துக்குப் பிறகு கேட்டால் பாரம் உங்கள் தலையில் விழும். தள்ளிப்போடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏப்ரல் 9, 2025

2008 விதி வந்த பிறகு ஒன்றும் நிற்காது என்று பயமுறுத்திவிட்டீர்களே என்று கேட்டிருக்கிறார் ஒருவர். நிற்கும். மார்ச் 27-ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு சர்க்கரை நோய் வழக்கில் அரசின் மனுக்களைத் தள்ளுபடி செய்திருக்கிறது. நோய் பீஸ் ஸ்டேஷனில் (சண்டை, எல்லைப் பணி இல்லாத இடத்தில்) தொடங்கியது என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் அது காரணமாகாது. சர்வீஸால் வரவில்லை என்றால் வேறு எதனால் வந்தது என்று போர்டு சொல்ல வேண்டும். 2008 விதிகளின் கீழேயே இப்படிச் சொல்லியிருக்கிறது. உங்கள் அண்ணன் வழக்குக்கு இதைவிடப் பொருத்தமான தீர்ப்பு கிடைக்காது.

எனக்கு வரும் கோபமும் இதில்தான். இருபத்து நான்கு வருடம் பனியிலும் வெயிலிலும் நின்ற மனிதனைப் பற்றி ஒரு கட்டத்தில் "இல்லை" என்று எழுதுகிறவர், ஏன் என்று இரண்டு வரி எழுத வேண்டாமா?

ஏப்ரல் 24, 2025

நேற்று முன்தினம் உச்ச நீதிமன்றத்தில் பிஜேந்தர் சிங் வழக்கு. சியாச்சினில் இருந்தபோது வலிப்பு வந்து, 1989-இல் வெளியே அனுப்பப்பட்டவர். 20-க்குக் கீழே என்று சொல்லி இத்தனை வருடம் மறுத்திருக்கிறார்கள். இப்போது 50 சதவீதம், 1996 ஜனவரி 1 முதல், ஆயுள் முழுக்க. இளைஞனாக வெளியே வந்தவர் கிழவனாகி வாங்குகிறார். சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. அவர் விடாமல் நின்றார், அதற்கு ஒரு சல்யூட்.

ஏப்ரல் 25, 2025

எங்களுக்கும் அப்படிப் பழைய பாக்கி முழுவதும் வருமா என்று கேட்கிறார்கள். இல்லை, பிஜேந்தர் சிங்குக்கு வந்த அரியர்ஸைப் பார்த்து எல்லோரும் 1996-இலிருந்து எதிர்பார்க்க வேண்டாம். மார்ச் 12 அன்று நான் எழுதிய மூன்று வருடக் கணக்கை வைத்தே திட்டமிடுங்கள். அதிகமாக வந்தால் நல்லது.

மே 18, 2025

அரியர்ஸில் முப்பது சதவீதம் கொடுத்தால் எல்லாம் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் ஊர் ஊராகப் போகிறாராம், வேலூர்ப் பக்கத்திலிருந்து செய்தி வந்திருக்கிறது. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்தார் இருக்கும் ஊர்கள் அவர்களுக்கு நல்ல வேட்டைக் காடு. வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு பேசி வழக்கறிஞர் வழக்கு நடத்தக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. வழக்கறிஞரும் இல்லாத ஆள் அப்படிக் கேட்டால் கதவைச் சாத்துங்கள். ஆதார், பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை), ஸ்பர்ஷ் என்ற பென்ஷன் இணையதளத்தின் பாஸ்வேர்டு எதையும் கையில் கொடுக்காதீர்கள்.

ஜூன் 8, 2025

முதலில் கேள்வி கேட்ட தம்பி, அண்ணனின் மெடிக்கல் போர்டு படிவத்தை அனுப்பியிருக்கிறார், பெயர், நம்பரை மறைத்து. நான் எதிர்பார்த்ததுதான். நோயின் பெயருக்கு நேராக மூன்று கட்டம்: சர்வீஸால் வந்ததா, சர்வீஸால் மோசமானதா, தொடர்பில்லையா. இல்லை, இல்லை, ஆம். கடைசிக் கட்டம் காரணத்துக்கு. அதில் ஒரே வாக்கியம், பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது, ஃபீல்டு சர்வீஸ் அழுத்தத்தோடு நெருங்கிய கால தொடர்பில்லை என்று. ரப்பர் ஸ்டாம்பு குத்தியது போல இருக்கிறது.

இப்போது போஸ்டிங் விவரத்தைப் பாருங்கள். பி.பி. கண்டுபிடித்தது செகந்தராபாத்தில், 2016 பிப்ரவரி. அவர் அங்கே போய்ச் சேர்ந்ததே 2015 நவம்பரில். அதற்கு முன் காஷ்மீரில் குப்வாரா. தீவிரவாத எதிர்ப்புப் பணி. குப்வாராவிலிருந்து இறங்கி மூன்றே மாதத்தில் பி.பி. என்று கண்டுபிடித்திருக்கிறார்கள், அதற்கும் அந்தப் பணிக்கும் நெருங்கிய தொடர்பில்லையாம். பி.பி. கண்டுபிடித்த நாள்தான் அது தொடங்கிய நாள் என்று எந்த டாக்டர் சொல்வார்? வழக்கமான வருடாந்தரப் பரிசோதனை நடந்ததால் அன்று தெரிந்தது, அவ்வளவுதான். ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கான வழிகாட்டி நூலே, ஃபீல்டு ஏரியா, உயரமான மலைப்பகுதி, தீவிரவாத எதிர்ப்புப் பகுதிகளில் பணியாற்றும்போது வரும் ரத்த அழுத்தத்தைச் சர்வீஸால் மோசமானதாகக் கொள்ளச் சொல்கிறது.

போஸ்டிங் விவரத்தை விடாதீர்கள் என்று மார்ச்சில் சொன்னது இதற்காகத்தான். அப்பீலில் மூன்று பத்தி போதும். சேரும்போது ஷேப்-1 (முழு மருத்துவத் தகுதி), எந்தக் குறையும் எழுதப்படவில்லை. குப்வாராவில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை. போர்டு சொன்ன காரணம் காரணமே இல்லை, இதோ டெல்லி தீர்ப்பு. குடும்பக் கஷ்டம், கடன், பெண்ணின் கல்யாணம் எதுவும் எழுத வேண்டாம். சதவீதத்தைக் கூட்டச் சொல்லியும் கேட்க வேண்டாம். 30-ஆக இருந்தாலும் 40-ஆக இருந்தாலும் 50 தான், அதைக் கிளறினால் வழக்கு வேறு பக்கம் போகும்.

ஜூன் 10, 2025

அண்ணன் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாராம். கை கால் நன்றாக இருக்கிறது, கார்கிலில் காலை இழந்தவனெல்லாம் இருக்கும்போது பி.பி. மாத்திரைக்குப் பணம் கேட்பது கேவலம் என்கிறாராம்.

இதை எத்தனையோ பேர் சொல்லி நான் கேட்டுவிட்டேன். அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். சாப், போரில் அடிபட்டவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அவர்களுக்குக் கணக்கும் வேறு, தொகையும் வேறு. நீங்கள் வாங்குவதால் அவர்கள் பங்கில் ஒரு ரூபாய் குறையாது. நீங்கள் சேர்ந்தபோது உடம்பைத் தட்டிப் பார்த்து, நூறு பேரில் சிலரைத்தான் எடுத்தார்கள். திருப்பி அனுப்பும்போது அந்த உடம்பு அப்படியே இல்லை. அதற்கு அரசு தானே வைத்த விதி இது. உங்களுக்கு வேண்டாம் என்றால் அண்ணியைக் கேளுங்கள், காலையில் மாத்திரை எடுத்து வைப்பவர் அவர்தானே.

ஜூன் 15, 2025

கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள். தீர்ப்பாயம் போவதற்கு அந்த அட்டையில் வரும் தேதியிலிருந்து ஆறு மாதம் எண்ண வேண்டும்.

ஜூலை 6, 2025

புதிதாக வருகிறவர்கள் கவனத்துக்கு. 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்கு 2023 விதிகள். மேலே எழுதியதை அப்படியே நகலெடுக்காதீர்கள். உங்கள் ரிலீஸ் தேதியை முதல் வரியில் எழுதிக் கேளுங்கள்.

அக்டோபர் 19, 2025

அப்பீல் மெடிக்கல் போர்டுக்கு அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தம்பி எழுதியிருக்கிறார். நல்ல அறிகுறி, குறைந்தபட்சம் ஃபைலைத் திறந்திருக்கிறார்கள். அவர் கேட்டிருக்கும் இன்னொரு விஷயம்தான் என்னைப் பதற வைத்தது. நான்கு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போனால் பி.பி. ஏறிக் காட்டும், நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

செய்யவே கூடாது. ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். பக்கவாதம் வந்தால் பென்ஷனை வைத்து என்ன செய்வது? மாத்திரையால் கட்டுக்குள் இருக்கும் பி.பி.யும் பி.பி.தான். போர்டு கேட்கப் போவது அன்றைய ரீடிங்கை மட்டும் அல்ல. 2016-இலிருந்து மருந்துச் சீட்டு, ஈ.சி.ஜி., எக்கோ, கண் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துக்கொண்டு போகட்டும். குப்வாரா போஸ்டிங் தாள் மேலே இருக்கட்டும். டாக்டர் கேட்டதற்கு மட்டும் பதில். காலையில் வழக்கம்போல மாத்திரை போட்டுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.